லிஃப்ட் பிடிக்கும் முன் தரையைப் பாருங்கள்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் மரம் கவாத்து வேலை எடுத்துச் செய்கிறேன். என்னிடம் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். இதுவரை எல்லாமே வடம் கட்டி ஏறி வெட்டியதுதான். இப்போது ஒரு தனியார் கல்லூரி வளாகத்தில் 40 தூங்குமூஞ்சி மரங்களைக் கவாத்து செய்யும் வேலை வந்திருக்கிறது. யாரும் மரத்தில் ஏறக்கூடாது, லிஃப்ட் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார். கோவையில் விசாரித்தேன். ஒருவர் 60 அடி பூம் லிஃப்ட் எடுங்கள் என்கிறார். இன்னொருவர் லாரியில் வைத்த ஸ்கை லிஃப்ட் போதும் என்கிறார். தெரிந்த ஹைட்ராக்காரர் ஒருவர் கூண்டு மாட்டித் தருகிறேன், பாதிக் காசுதான் என்கிறார். எதை எடுப்பது? நாள் வாடகையா, மாத வாடகையா? என் பையன்களே ஓட்டலாமா? ஜூலையில் முடிக்கச் சொல்கிறார்கள், முடியுமா? பழைய லிஃப்ட் ஒன்று விலைக்கும் வருகிறது. வாங்கிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் ஹைட்ராவை ஒதுக்கிவிடுவோம். பாதிக் காசு என்றாலும் வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஹைட்ரா பாரம் தூக்கும் வண்டி. அதில் மாட்டும் கூண்டு கம்பி வடத்தில் தொங்கும். உள்ளே நிற்பவர் ரம்பத்தை ஒரு பக்கம் அழுத்தினால் கூண்டு மறுபக்கம் சுழலும். அவர் கையில் எந்தக் கன்ட்ரோலும் கிடையாது. கீழே கேபினில் இருப்பவருக்கோ இலைக்கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஜேசிபி பக்கெட்டில் ஆளை ஏற்றிக் கிளை வெட்டுவதையும் ஊரெங்கும் பார்க்கிறோம். அதற்கும் இதே பதில்தான். ஆளைத் தூக்குவதற்கென்று செய்யாத வண்டியில் ஆளை ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால், இன்சூரன்ஸ்காரர் முதல் கேள்வியிலேயே கையை விரித்துவிடுவார்.

யாராவது சிசர் லிஃப்ட் என்று சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். அது நேராக மேலே போய் நேராகக் கீழே வரும். குடோனுக்குள் லைட் மாட்ட நல்ல சாமான். கிளைகளுக்கு நடுவே நுழைந்து வர அதனால் முடியாது.

மிச்சம் பூம் லிஃப்டும் ஸ்கை லிஃப்டும்தான். இரண்டிலும் பூம் என்கிற நீளும் இரும்புக் கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடை இருக்கும். இரண்டு பேருமே உங்களிடம் உயரத்தைச் சொல்லித்தான் பேசியிருக்கிறார்கள். தூங்குமூஞ்சிக்கு உயரம் இரண்டாவது கேள்வி. அது குடை விரிக்கிற மரம். நன்றாக வளர்ந்துவிட்டால் உயரத்தைவிட அகலம் கூடுதல். ஆகவே 'எத்தனை அடி உயரம் போகும்' என்பதோடு, 'பக்கவாட்டில் எவ்வளவு நீளும், எந்த உயரத்தில் அவ்வளவு நீளும்' என்றும் கேளுங்கள். இந்தத் தொழிலில் அதை ரீச் என்பார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ரீச் டயகிராம் என்று ஒரு படம் உண்டு. கூடை எந்த உயரத்தில் எவ்வளவு தூரம் வெளியே போகும் என்பது அதில் கட்டம் கட்டமாக இருக்கும். முழு உயரத்தில் முழு ரீச் எந்த வண்டியிலும் கிடைக்காது. உச்சிக்குப் போகப் போக பக்கவாட்டு நீளம் குறைந்துவிடும். அந்தப் படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தெரியாதவரிடம் வண்டி எடுக்காதீர்கள்.

உதாரணத்துக்கு, முழங்கை மாதிரி மடங்கும் பூம் லிஃப்டில் 45 அடி வகை என்றால் கூடைத் தளம் 13.7 மீட்டர் வாக்கில் ஏறும். பக்கவாட்டில் ஏழரை மீட்டர், அதாவது 24, 25 அடிதான் நீளும். 60 அடி வகையில் தளம் 18 மீட்டரைத் தாண்டும், பக்கவாட்டில் 11 முதல் 12 மீட்டர் வரை கிடைக்கும். மடங்காமல் நேராக நீளும் டெலஸ்கோபிக் வகையில் 60 அடிக்காரன் பக்கவாட்டில் 15 மீட்டர் வரைகூடப் போவான், ஆனால் ஒரு கிளையைச் சுற்றிக்கொண்டு அடுத்த கிளைக்குப் போக முடியாது. இன்னொன்று: சிலர் தளத்தின் உயரத்தைச் சொல்வார்கள், சிலர் அதோடு ஆள் நின்று கை தூக்கும் உயரமாக 2 மீட்டர் சேர்த்து 'வேலை உயரம்' என்று சொல்வார்கள். ஒருவருடைய 60-ம் இன்னொருவருடைய 66-ம் ஒரே வண்டியாக இருக்கும். எது என்று கேட்டுவிட்டு விலையை ஒப்பிடுங்கள்.

உங்கள் 40 மரத்துக்கும் ஒரே வண்டி என்று யோசிக்க வேண்டாம். உள்சாலை ஓரம் வரிசையாக நிற்கும் மரங்களுக்கு லாரி ஸ்கை லிஃப்ட் சௌகரியம். அது ரோட்டில் ஓடிவரும், ட்ரெய்லர் தேவையில்லை, ஒரு மரம் முடிந்தால் வண்டி சாயாமல் ஊன்றும் கால்களை மடக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடலாம். ஆனால் கால்களை விரிக்க இரண்டு பக்கமும் இடம் வேண்டும், தரையும் சமமாக வேண்டும். மைதானத்தின் ஓரம், விடுதியின் பின்புறம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே என்று நிற்கும் மரங்களுக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற, டீசலில் ஓடும், மடங்கும் 60 அடி பூம் லிஃப்ட்தான் சரி. வண்டியைக் குடைக்குள் ஓர் இடைவெளியில் நிறுத்தி, ஒரு கிளைக்கு மேலே ஏறி அதற்கு அந்தப் பக்கம் இறங்கி வேலை செய்யலாம்.

சரி, இப்போது தரைக்கு வருகிறேன். வாடகைக்கு எடுப்பவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து வண்டியை முடிவு செய்கிறார்கள். பணம் போவது காலுக்குக் கீழே.

60 அடி பூம் லிஃப்டின் எடை கிட்டத்தட்ட 10 டன். பூமை ஒரு பக்கம் முழுக்க நீட்டினால் அந்தப் பக்கச் சக்கரம் ஒன்றின் மேல் மட்டும் மொத்த எடையில் பாதி வரை இறங்கும். நான்கு, ஐந்து டன் ஒரு தட்டளவு இடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வளாகத்தில் தரைக்கு அடியில் என்னென்ன இருக்கும்? செப்டிக் டேங்க், தண்ணீர் சம்ப், மழைநீர்க் கால்வாய், மழைநீர் சேகரிப்புக் குழி, கேபிள் ஓடும் பள்ளம். பேவர் பிளாக் போட்ட பாதை பார்க்கக் கெட்டியாக இருக்கும். அடியில் மணல் சரிந்திருந்தால் சக்கரம் புதைந்துவிடும். ஆறு மாதத்துக்கு முன் பைப் போட்டு மூடிய பள்ளத்தில் புல் முளைத்துவிட்டால் அது பள்ளம் என்று யார் கண்டார்கள்? உங்கள் பக்கத்தில் கரிசல் மண் உள்ள இடமும் உண்டு. ஒரு மழை போதும், அதன் மேல் 10 டன்னை நிறுத்த முடியாது.

எனவே கொட்டேஷன் கொடுக்கும் முன்னால் கல்லூரியின் மெயின்டனன்ஸ் ஆளையும் பிளம்பரையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிடுங்கள். வரைபடம் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் அந்த வளாகத்தின் பழைய பிளம்பர்தான் வரைபடம். எங்கெங்கே மூடி, எங்கே குழாய் என்று சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். புல்தரை உள்ள இடத்தில் நான்கைந்து நாளுக்கு முன்பே தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்கை லிஃப்ட் என்றால் ஒவ்வொரு காலின் கீழும் வைக்க கனமான ஸ்லீப்பர் கட்டை வருமா என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். இரண்டு செங்கல்லை வைத்துச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

தரையோடு வழியையும் பாருங்கள். பூம் லிஃப்ட் ரோட்டில் ஓடி வராது, தட்டு தாழ்ந்த லோபெட் ட்ரெய்லரில்தான் வரும். மடங்கிய நிலையில் அதன் உயரம் எட்டு, எட்டரை அடி. ட்ரெய்லர் தட்டோடு சேர்த்தால் 11, 12 அடி ஆகிவிடும். கல்லூரி வாசல் வளைவு எவ்வளவு உயரம், அதன் குறுக்கே இன்டர்நெட் கேபிளோ கேமரா ஒயரோ தொங்குகிறதா, ட்ரெய்லர் எங்கே திரும்பும்? வாசலுக்கு வெளியே மெயின் ரோட்டில் இறக்கி ஓட்டிவர வேண்டியிருந்தால் அதற்கு ஆளும் நேரமும் தனி.

மின்கம்பியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அது இல்லாத வளாகம் இருக்காது. பூம் லிஃப்ட் இரும்பு, அதில் மின்காப்பு எதுவும் கிடையாது. கூடையில் பிளாஸ்டிக் உறை இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 11 கே.வி. லைன் பக்கத்தில் இருந்தால் பூம், கூடை, ஆள், கையில் உள்ள ரம்பம், வெட்டி விழும் கிளை எதுவும் 3 மீட்டருக்குள் போகக்கூடாது. காற்றில் கம்பியும் ஆடும், பூமும் ஆடும். அதையும் சேர்த்து 3 மீட்டர். அதற்குள் வரும் கிளைகளை வெட்டியே ஆக வேண்டும் என்றால் மின்வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கல்லூரி பெயரில் எழுதிக் கொடுத்து, லைன் கிளியர், அதாவது கம்பியில் கரன்டை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, வாங்கித்தான் தொட வேண்டும். 'போன் பண்ணிட்டேன், ஆஃப் பண்ணிட்டாங்க' என்பது லைன் கிளியர் ஆகாது. வாரிய ஆள் வந்து ஆஃப் செய்து, எர்த் ராட் மாட்டி, ஆரம்பிக்கலாம் என்று சொல்ல வேண்டும். கல்லூரியில் ஜெனரேட்டர் இருக்குமே, அந்தப் பக்கத்திலிருந்து கரன்ட் திரும்பி வராதபடி அவர்களுடைய எலக்ட்ரீஷியனும் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். கம்பியோரத்து மரங்களை அந்த நாளுக்கு ஒதுக்க முடியுமா என்று வாரியத்திடம் பேசிப் பாருங்கள். அன்றும் லைன் கிளியர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் ஜூலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்கள் ஊருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருகிற காற்றைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. வெளியில் பயன்படுத்தும் பூம் லிஃப்டுகளுக்குப் பெரும்பாலும் காற்றின் வேக வரம்பு விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். அது வண்டி சாய்வதற்கான வரம்பு மட்டும்தான். அந்தக் காற்றில் ஆடுகிற கிளையை அறுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதில் பாதி வேகத்திலேயே என் ஆட்களை இறங்கச் சொல்லிவிடுவேன். ஜூலையில் எடுத்தால் காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து, பதினொரு மணி வரை ஓட்டுவீர்கள். அதற்குமேல் வண்டி சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஓடும். கல்லூரியிடம் பேசி செப்டம்பருக்குத் தள்ளுங்கள். காற்று தணிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் குடையின் பாரமும் குறைந்துவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை பெரிய மரங்களைச் சாய்த்தது என்பதை நினைவுபடுத்தினால் மழைக்கு முன்னால் முடிப்பதன் நியாயம் நிர்வாகத்துக்கு உடனே புரியும். செப்டம்பரில் வகுப்புகள் நடக்குமே என்பார்கள். மாணவர் நடமாட்டம் உள்ள பாதை மரங்களை ஞாயிறுகளுக்கு வைத்துக்கொண்டு, மைதானத்தையும் பின்புறத்தையும் வார நாட்களில் செய்யலாம். எந்த நாளானாலும், மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் விசிலோடு ஆள் நிறுத்த வேண்டும். செல்போன் பார்த்துக்கொண்டே கயிற்றுக்குக் கீழே குனிந்து வருகிற ஒரு பையன் எப்படியும் இருப்பான்.

உங்கள் பையன்கள் ஓட்டலாமா? இப்போதைக்கு வேண்டாம். ஆப்பரேட்டரோடு சேர்த்தே வண்டியை எடுங்கள். கூடையில் ஆப்பரேட்டர் ஒருவர், உங்கள் வெட்டுக்காரர் ஒருவர். ஆப்பரேட்டருக்குப் பயிற்சிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஐபாஃப் (IPAF) என்ற சர்வதேச அமைப்பு லிஃப்ட் ஓட்டப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தருகிற பால் (PAL) கார்டு வைத்திருப்பவர் கிடைத்தால் நல்லது. அதில் 3பி என்ற பிரிவு நகரும் பூம் லிஃப்டுக்கானது. இல்லையென்றால், வண்டி கம்பெனியின் பயிற்சிக் கடிதமாவது வேண்டும். கீழே நிற்கும் உங்கள் ஆட்களில் இரண்டு பேருக்கு ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாள் காலையிலேயே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்: தரையில் நின்றே இயக்கும்படி வண்டியின் அடிப்பகுதியில் இருக்கும் கிரவுண்ட் கன்ட்ரோலை வைத்து, இன்ஜின் நின்றுபோனாலும் எமர்ஜென்சி பம்பை வைத்து, கூடையைப் பத்திரமாக இறக்குவது எப்படி என்று. மேலே இருவரும் மயங்கிவிட்டால் இறக்கப்போவது இவர்கள்தான். சொல்லிக் காட்டினால் போதாது, ஒரு முறை இறக்கிப் பார்க்க வேண்டும்.

கூடையின் தாங்குதிறன் பெரும்பாலும் 227, 230 கிலோ. இரண்டு ஆள், இரண்டு ரம்பம், கயிறு, தண்ணீர் பாட்டில் என்று சேர்த்தாலே 180-ஐ நெருங்கிவிடும். ஓரடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கிளை 150 கிலோவுக்குக் குறையாது. அதைக் கூடைக் கம்பியில் சாய்த்துவைத்து 'மெல்ல இறக்கிடலாம்' என்று நினைப்பதுதான் லிஃப்ட் வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கிற தப்பு. கிளையைக் கூடையில் கட்டக்கூடாது, பூமில் கட்டக்கூடாது, பூமால் கிளையைத் தள்ளவோ இழுக்கவோ கூடாது. வடம் போட்டு இறக்க வேண்டிய கிளையை, நீங்கள் இதுவரை செய்த மாதிரியே மரத்தின் கவையில் வடத்தைப் போட்டு, கீழே அடிமரத்தில் சுற்றிப் பிடித்து இறக்குங்கள். உங்கள் ஆட்களின் கைப்பழக்கம் வீணாகாது.

இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. இருவருக்கும் முழு உடல் ஹார்னஸ் வேண்டும், ஐ.எஸ். 3521 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கொக்கியைக் கூடைக்குள் அதற்கென்று கொடுத்த வளையத்தில் மாட்ட வேண்டும். கயிறு நீளமாகத் தொங்கக்கூடாது. மரமேறிகளுக்கு மரத்தில் கட்டித்தான் பழக்கம். கூடையில் நின்றுகொண்டு மரத்தில் கட்டினால், கூடை நகரும்போது ஆளை அது அப்படியே வெளியே இழுத்துவிடும். அறுந்த கிளை பூமில் மோதினாலோ சக்கரம் ஒரு குழியில் இறங்கினாலோ கூடை ஒரு உதறு உதறும். கொக்கி மாட்டாதவன் கவண்கல்லாகப் போவான்.

இன்னொரு ஆபத்து, மலைத்தேனீ. உயரமான தூங்குமூஞ்சிக் கிளையின் அடிப்பக்கம் பெரிய அடை தொங்கும், கீழே இருந்து பார்த்தால் இலைக்குள் மறைந்திருக்கும். மரத்தில் ஏறியவன் சரசரவென்று வடத்தில் இறங்கிவிடுவான். கூடை அதன் வேகத்தில்தான் இறங்கும், அதுவும் பூமை மடக்கி மடக்கி. வேலைக்கு முந்தின நாள் ஒரு பைனாகுலரை வைத்து 40 மரத்தையும் பாருங்கள். அடை இருக்கும் மரத்தைத் தனியாகக் குறித்து, அதைப் பார்க்க வேண்டியவர்களைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் லிஃப்ட் போக வேண்டும். பறவைக் கூடுகளையும் அதே சுற்றில் பார்த்துவிடலாம்.

பாதுகாப்பு அதிகாரியின் நிபந்தனையைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏறி வெட்டும்போது ஆள் எங்கே நிற்க முடியுமோ அங்கேதான் வெட்டு விழும். அதாவது அடிமரத்துக்குப் பக்கத்தில், தடித்த கிளையில். காயம் பெரிது, நுனியில் பாரம் அப்படியே இருக்கும். தூங்குமூஞ்சிக் கிளை முறிவது பெரும்பாலும் அந்த நுனிப் பாரத்தால்தான். லிஃப்ட் உங்களைக் குடையின் வெளி விளிம்புக்கே கொண்டுபோகிறது. கை அளவு, மணிக்கட்டு அளவுக் கொப்புகளை நுனியில் குறைத்தாலே நீளமான கிளையின் பாரம் இறங்கிவிடும், காயமும் சின்னதாக இருக்கும். ஒரு மரத்தில் ஒரு வருடத்தில் பச்சைக் குடையில் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள். எல்லாம் எட்டுகிறது என்பதற்காக மொட்டையடித்துவிடுவது லிஃப்ட் வந்தவுடன் வருகிற ஆசை.

தடித்த கிளையை எடுத்தே ஆக வேண்டும் என்றால் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கு இரண்டு, மூன்று அங்குலம் வெளியே, மேலிருந்து கீழாக இரண்டாவது வெட்டு. கிளை பட்டையைக் கிழித்துக்கொண்டு போகாமல் விழும். மிச்சம் இருக்கும் கட்டையை, கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் வளையமாகப் புடைத்திருக்கிறதே, அந்தப் புடைப்பை விட்டுவிட்டு அதன் வெளி ஓரத்தில் அறுங்கள். அடிமரத்தோடு ஒட்ட வழித்து அறுத்தால் காயம் மூடாது. தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம், அதனால் மரத்துக்குப் பயனில்லை. கூடையில் நிற்கும்போதும் செயின் சாவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுப்பவனை அன்றே கீழே இறக்குங்கள். சின்னக் கொப்புகளுக்குக் கை ரம்பமே போதும், பல சமயம் அதுதான் வேகமும்.

இனி வாடகை. பேசும்போது முதலிலேயே 'மர வேலை' என்று சொல்லிவிடுங்கள். மறைத்து எடுத்தால் பின்னால் தகராறு. மரத்தூள் ரேடியேட்டரில் அடைக்கும், கிளை விழுந்து ஹைட்ராலிக் ஹோஸ் பிய்யும், பெயின்ட் போகும். இதெல்லாம் யார் கணக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வண்டி இறங்கியவுடன் நான்கு பக்கமும், கூடைக்குள்ளும், டயரையும் போட்டோ எடுத்து, வண்டி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டர் எண்ணையும் படம் பிடித்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

ஷிஃப்ட் எட்டு மணி நேரமா பத்தா, சாப்பாட்டு நேரம் அதில் சேருமா, கூடுதல் மணிக்கு என்ன ரேட்? மாத வாடகை என்றால் பொதுவாக 26 நாள் என்று கணக்கு. ஞாயிறு ஓட்டினால் தனியா? ட்ரெய்லரில் கொண்டுவரவும் திரும்பக் கொண்டுபோகவும் ஆகும் செலவை மொபிலைசேஷன் என்று தனியாகப் போடுவார்கள். டீசல் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. ஆப்பரேட்டர் பேட்டா, தங்குமிடம், சாப்பாடு யாருடையது? மழையால் நின்ற நாளுக்கு வாடகை உண்டா? வண்டி ரிப்பேரானால் எத்தனை மணி நேரத்தில் மெக்கானிக் வருவார், அந்த நேரம் பில்லில் கழியுமா? இதற்கெல்லாம் பதில் எழுதி வாங்கிய பிறகு அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். 'நாளைக்கு இவ்வளவு' என்று குறைவாகச் சொன்னவர் கடைசியில் அதிகமாக வருவது அடிக்கடி நடக்கும். காகிதத்தில் பார்க்க வேண்டியவை: ஸ்கை லிஃப்ட் என்றால் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பூம் லிஃப்ட் என்றால் வெளி ஆள் சோதித்துத் தருகிற தேர்ட் பார்ட்டி சோதனைச் சான்றும் அந்த இயந்திரத்துக்கான இன்சூரன்ஸும். உங்கள் ஆறு பேருக்கும் டபிள்யூ.சி. பாலிசியை, அதாவது வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் இன்சூரன்ஸை, நீங்கள் எடுக்க வேண்டும். வண்டிக்காரர் பாலிசி உங்கள் ஆட்களைக் காப்பாற்றாது.

நாளா மாதமா என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நாள் வாடகையை ஒன்று, இரண்டு, மூன்று என்று பெருக்கிக்கொண்டே போங்கள். எத்தனையாவது நாளில் மாத வாடகையைத் தொடுகிறதோ அதுதான் எல்லை. அந்த எல்லைக்குள் 40 மரம் முடியுமா என்பது லிஃப்ட் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைப் பொறுத்ததல்ல, கீழே எவ்வளவு வேகமாகக் கிளையை அகற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கூடையில் இருப்பவர் கால் மணி நேரத்தில் தள்ளிவிடுவதைத் தரையில் துண்டு போட்டு, மிலாறு வேறு கட்டை வேறாகப் பிரித்து, டிராக்டரில் ஏற்ற மூன்று பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் வண்டியின் சக்கரத்தைச் சுற்றி அம்பாரமாகக் குவிந்துவிடும், நகர முடியாது. வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் மரங்களை இரண்டிரண்டாக ஜோடி போடுங்கள். ஒன்றில் வெட்டி முடித்துக் கூடை அடுத்ததற்குப் போனவுடன் தரை ஆட்கள் முதல் மரத்தடியில் இறங்கட்டும். உங்கள் ஆறு பேரில் ஒருவர் கூடையில் என்றால் கீழே ஐவர். இரண்டு பேர் கயிறும் காவலும் பார்த்தால் மூன்று பேர்தான் மிச்சம். போதாது. லிஃப்ட் இருக்கும் நாட்களுக்கு மட்டும் இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூலி, சும்மா நிற்கும் லிஃப்டின் வாடகையைவிடக் குறைவு. மிலாறை அங்கேயே தூளாக்கும் சிப்பர் மெஷின் கிடைத்தால் டிராக்டர் நடை பாதியாகக் குறையும். தரையில் நின்றே நீளக் கம்பு ரம்பத்தால் எட்டுகிற தாழ்ந்த கொப்புகளை வண்டி வருவதற்கு முந்தின வாரமே முடித்துவிடுங்கள். வெட்டிய மரம் யாருக்குச் சொந்தம் என்பதையும் கல்லூரியிடம் எழுதி வாங்குங்கள். இதை வாய்வார்த்தையில் விட்டால், வேலை முடிகிற அன்று விறகு வண்டி வாசலில் நிற்கும்போதுதான் சண்டை வரும். சாலையோரம் மதிலுக்கு வெளியே நிற்கும் மரம் ஏதாவது பட்டியலில் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். அது கல்லூரி மரமில்லை, அதன் அனுமதி வேறு.

கொட்டேஷனில் மரத்துக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணைப் போடாதீர்கள். அதைப் போடும் முன்னால் ஸ்கை லிஃப்டை ஒரு நாள் மட்டும் எடுத்து, ஒரு சின்ன மரம், ஒரு நடுத்தர மரம், ஒரு பெரிய மரம் என்று மூன்றைச் செய்து பாருங்கள். கல்லூரியிடம் மாதிரி வேலை என்று சொன்னால் அந்த நாளுக்குக் காசும் தருவார்கள். எந்த மரத்துக்கு எத்தனை மணி என்பது கையில் வந்துவிடும். பிறகு கவாத்துக் கூலி, அகற்றும் கூலி, லிஃப்ட் வாடகை, மொபிலைசேஷன், டீசல் என்று தனித்தனி வரியாகப் போடுங்கள். லைன் கிளியர் கிடைக்காமலும் காற்றாலும் வண்டி நிற்கும் நாளின் வாடகை கல்லூரியைச் சேரும் என்று கடைசி வரியில் எழுதுங்கள். அவர்கள் பேரம் பேசி அதைப் பாதியாக்கலாம், பரவாயில்லை. எழுதாமல் விட்டால் முழுசும் உங்கள் தலையில்.

பழைய லிஃப்ட் வாங்கும் யோசனையை இந்த வேலை முடியும் வரை தள்ளிவையுங்கள். விலை குறைவாக வருகிற பழைய பூம் லிஃப்டில் சிலிண்டர் சீல், பூமுக்குள் தேய்ந்துபோன பேட், கன்ட்ரோல் போர்டு என்று ஒவ்வொன்றாகச் செலவு வைக்கும். அதை நகர்த்தவும் ஒவ்வொரு முறையும் ட்ரெய்லர் வாடகை உண்டு. வருடத்தில் ஐந்தாறு மாதத்துக்காவது வேலை உறுதி என்று கையெழுத்துப் போட்ட ஆர்டர்கள் இருந்தால் அப்போது யோசிக்கலாம். அதுவும் பூம் லிஃப்ட் அல்ல, உங்கள் தொழிலுக்கு லாரி ஸ்கை லிஃப்ட்தான். வாங்கும் முன் சர்வீஸ் புக், ஹவர் மீட்டர், பூமில் வெல்டிங் ஒட்டுப் போட்ட தடம் இருக்கிறதா என்பது மூன்றையும் வெளி மெக்கானிக் ஒருவரை வைத்துப் பாருங்கள். பூமில் ஒட்டுப் போட்டிருந்தால் விலை கேட்காமலே திரும்பி வந்துவிடுங்கள்.